குடலுக்குள் ஒரு சாதுக் கட்டி

நான் வேலைக்குத் திரும்பிய அன்று எங்கள் ஊதுபத்தி கம்பெனியில் பேக்கிங் மேஜையைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. வேலை செய்யத்தான் கூடினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோருக்கும் என் வயிற்றுக் கதை வேண்டும். ஒருத்திக்குச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவள் முதலிலிருந்து கேட்பாள். கேட்டதை அவரவர் இஷ்டத்துக்கு ஒட்டி வெட்டி, கடைசியில் எனக்குக் குடலே இல்லை என்கிற அளவுக்குக் கதை வளர்ந்துவிட்டது. அதனால் ஒரே தடவையாக எழுதி வைக்கிறேன். படிப்பவர்களில் யாருக்காவது இதே மாதிரி தொந்தரவு இருந்தால், என்னைப் போல மறைத்து வைக்காமல் டாக்டரிடம் போகட்டும்.

மறைத்து வைத்தேன் என்பது உண்மைதான். மலத்தோடு ரத்தம் வந்ததை முதலில் பார்த்தபோது சூடு என்று நினைத்தேன். நமக்குத்தான் எது வந்தாலும் சூடாயிற்றே. மோர் குடித்தேன், வெந்தயம் ஊறவைத்து விழுங்கினேன். மறுபடி வந்தபோது மூலம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நாள் முழுக்க உட்கார்ந்தும் நின்றும் வேலை வாங்குகிற சூப்பர்வைசருக்கு மூலம் வராமல் வேறு யாருக்கு வரும்? இடது பக்க அடிவயிற்றில் அவ்வப்போது ஒரு பிடி பிடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் கோபத்தைப் பேக்கிங் பெண்கள் மேல் காட்டுவேன். அவர்கள் இன்றைக்கும் என்னை மன்னித்தார்களா என்று தெரியவில்லை.

என் மகள் காவ்யாதான் கண்டுபிடித்தாள். மாடிப்படி ஏறும்போது எனக்கு மூச்சு வாங்குவதையும் முகம் வெளுத்திருப்பதையும் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. எங்கோ கசிகிறது என்று சொல்லி, குடல் நோய்க்கென்றே படித்த ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். நாங்கள் இருக்கிற மைசூரிலேயே ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. கம்பெனியில் சம்பளத்திலிருந்து பிடிக்கிற காப்பீடு அங்கே செல்லும் என்பதால் செலவுக் கவலையில் பெரும் பங்கு குறைந்தது. மிச்சக் கவலையை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். அவர் நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரிஷியன். கரன்டைத் தொடப் பயப்படாத மனிதர், ஆஸ்பத்திரி வாசலில் டெட்டால் வாசனை வந்தாலே கால் பின்னுகிற ஆள்.

டாக்டரம்மா மண்டியா பக்கத்துக்காரர். நல்ல கன்னடம், நிதானமான குரல். எல்லாம் கேட்டுவிட்டு, குடும்பத்தில் யாருக்காவது குடலில் புற்றுநோய் இருந்ததா என்று கேட்டார். என் அண்ணனுக்கு இருந்தது, போய்விட்டான் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. எந்த வயதில் என்றார். என் இப்போதைய வயதைச் சொன்னேன். அவர் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த வாரம் என்று சொல்லியிருந்த பரிசோதனையை நாளை மறுநாளைக்கு மாற்றினார். 

அண்ணன் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர், கர்நாடகத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம். அண்ணன் மக்காச்சோளமும் மஞ்சளும் போட்ட விவசாயி. பல வருஷத்துக்கு முன் அவனுக்கும் வயிற்று வலி வந்தது. இதே மைசூருக்குத்தான் கூட்டி வந்தார்கள். ஸ்கேனில் குடலில் கட்டி என்று தெரிந்தது. மற்ற பரிசோதனைகள் எடுக்க வேண்டும், பிறகு ஆபரேஷன் என்று சொன்னார்கள். அண்ணன் ஒரு நாள் படுத்திருந்தான். மறுநாள் என்னை வீட்டுக்குக் கூட்டிப் போ என்று பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவர் கூட்டிப் போய்விட்டார். சில மாதங்களில் அண்ணன் இறந்துபோனான். சதையை எடுத்துப் பார்த்து இன்னதுதான் என்று யாரும் சொல்லவில்லை. ஊர்தான் கேன்சர் என்று சொல்லியது. ஆஸ்பத்திரியில் விட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்றும் அதே ஊர்தான் சொல்லியது.

அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கை என்போம். என் நங்கைக்குப் பரிசோதனை விஷயம் எப்படித் தெரிந்ததோ, அதற்கு முந்தின நாள் காலையில் கொள்ளேகால் பஸ்ஸைப் பிடித்து, ஒரு பையும் ஒரு தூக்குப்போசியுமாக வந்து நின்றார். வந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணனைப் பார்த்த மாதிரியே பார்க்கிறார் என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் என் துவைக்காத துணிகளைத் தேடி எடுத்து ஊறப்போட்ட பிறகு எரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

மறுநாள் செய்யப் போவது கொலோனோஸ்கோப்பி. ஆசனவாய் வழியாக மெல்லிய வளைகிற குழாயை உள்ளே விட்டு, அதன் முனையில் இருக்கிற காமிராவால் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பார்கள். பார்க்க வேண்டுமென்றால் குடல் காலியாக, கழுவிவிட்ட மாதிரி இருக்க வேண்டும். அதற்காக முதல் நாள் எதுவும் சாப்பிடக் கூடாது, தெளிவான திரவம் மட்டும் குடிக்கலாம் என்று கன்னடத்தில் அச்சடித்த ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் உப்பும் எலுமிச்சையும் கலந்த மாதிரி ஒரு பொடியைக் குடம் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். குடிப்பதும் ஓடுவதும்தான் அன்றைய வேலை.

காவ்யா வேலைக்குப் போகும்போது தாளை நங்கையிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் போனாள். மத்தியானம் எனக்குக் கண் இருட்டியது. நங்கை தூக்குப்போசியைத் திறந்தார். ராகிக் கூழ். மோர் விட்டு, உப்புப் போட்டு, தண்ணீராகக் கரைத்தது.

"குடிச்சுரு அம்மிணி. சோறு திங்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? இது குடிக்கறதுதானே."

எனக்கும் அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. எங்கள் வீடுகளில் கூழ் சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. காட்டு வேலைக்குப் போகிறவர்கள் தாகத்துக்குக் குடிப்பது, சாப்பாட்டுக்கு முன் குடிப்பது. தாளில் இருந்த 'தெளிவான' என்ற சொல்லை நான் கண்ணால் பார்த்தேன். தண்ணீராகக் கரைத்தால் தெளிவுதானே என்று விட்டுவிட்டேன். ஒரு சொம்பு குடித்தேன். அமிர்தமாக இருந்தது. சாயங்காலம் மருந்துக்கு முன் இன்னொரு சொம்பு.

மறுநாள் மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது டாக்டரம்மா கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நேற்று என்ன குடித்தீர்கள் என்று கேட்டார். கூழ் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ராகியா என்றார். ஆமாம் என்றேன். மண்டியாவில் பிறந்தவருக்கு ராகியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சாணி மெழுகிய சுவர் மாதிரி குடல் முழுக்க அப்பிக்கொண்டிருக்கிறது, நான் எதைப் பார்ப்பது என்று கேட்டுவிட்டு, கோபப்பட முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு போய்விட்டது. பெருங்குடல் கடைசியில் எஸ் மாதிரி வளைகிற இடத்தில் ஏதோ ஒன்று உள்பக்கமாகப் புடைத்து நிற்கிறது, ராகிக்கு நடுவில் சரியாகத் தெரியவில்லை, முதலில் சி.டி. ஸ்கேன் எடுங்கள், அப்புறம் இந்தப் பரிசோதனையை மறுபடி செய்யலாம் என்றார்.

வெளியே பெஞ்சில் நங்கை உட்கார்ந்திருந்தார். கூழால் பரிசோதனை பாதியில் நின்றுவிட்டது என்று காவ்யா சொல்லிவிட்டாள். அத்தையைக் குறை சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னாள். ஆனால் நங்கையின் முகம் செத்துப்போயிருந்தது. என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தபோது எழுந்து என் காலைத் தொட்டார்.

"என்ற கை பட்டா இப்படித்தான் ஆகுது அம்மிணி. உங்கண்ணனையும் நான்தான் கெடுத்தேன்."

அதுவரை அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அண்ணன் போனபோதும் அவர் ஒப்பாரி வைத்து அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்றுகூடப் பேசினார்கள். எனக்கு மயக்க மருந்தின் மிச்சம் இருந்தது, நாக்கு குழறியது. கூழ் நன்றாகத்தான் இருந்தது என்று மட்டும் சொன்னேன். 

ஸ்கேன் ஒரு பெரிய வளையத்துக்குள் படுக்க வைத்து எடுப்பது. நரம்பில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். உடம்பெல்லாம் சட்டென்று சூடாகி, படுக்கையிலேயே சிறுநீர் போய்விட்ட மாதிரி இருக்கும். போகவில்லை, அப்படித் தோன்றும், அவ்வளவுதான். எனக்கு யாரும் முன்பே சொல்லாததால் வெட்கத்தில் உயிர் போயிற்று. உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.

ரிப்போர்ட் காவ்யாவின் போனுக்கு வந்தது. அவள் சமையலறையில் நின்று படித்தாள். படித்து முடித்ததும் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவினாள். என்னடி என்றேன். ஏதோ வீக்கமாம், பெரிசா ஒண்ணுமில்லையாம் என்றாள். அவள் தமிழில் பொய் சொல்லும்போது எனக்கு உடனே தெரிந்துவிடும். கன்னடத்தில் சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பேன். அவள் தூங்கிய பிறகு போனை எடுத்து நானே பார்த்தேன். எனக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் கேன்சருக்கான அந்த நீளமான சொல்லை அண்ணன் காலத்திலேயே தெரிந்துகொண்டிருந்தேன். இருக்கலாம், உறுதி செய்யவும் என்று எழுதியிருந்தது.

பயந்தேன். சாவதைப் பற்றி மட்டும் இல்லை. ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் வந்தால் அது ரத்தத்தில் ஓடுகிறது என்று அர்த்தம், பிள்ளைகளையும் சின்ன வயதிலிருந்தே பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். காவ்யாவுக்கு இருபத்திரண்டு வயது. நான் என் மூக்கைக் கொடுத்தேன், என் முன்கோபத்தைக் கொடுத்தேன், இதையுமா கொடுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே போனை அவள் தலைமாட்டில் திரும்ப வைத்தேன்.

இரண்டாவது தடவை தண்ணீர், இளநீர், வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ் தவிர எதையும் தொடவில்லை. நங்கை சமையலறைப் பக்கமே போகவில்லை. வீட்டில் எல்லோரும் வெளியில் வாங்கித்தான் சாப்பிட்டார்கள். இம்முறை லேசான மயக்கம்தான் கொடுத்தார்கள், அதனால் அரைகுறையாக நானும் திரையைப் பார்த்தேன். என் குடல் இளஞ்சிவப்பாக, ஈரமாக, பளபளவென்று இருந்தது. வெளியே இவ்வளவு கரடுமுரடாக இருக்கிறவளுக்கு உள்ளே இத்தனை அழகா என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கட்டி வந்தது. உருண்டையாக, ஒரு நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக. புற்று என்றால் மேலே புண்ணாக, கோணல்மாணலாக இருக்கும் என்று நான் கற்பனை செய்திருந்தேன். இதன் மேல் குடலின் தோல் இழுத்துப் போர்த்திய மாதிரி இருந்தது. உச்சியில் மட்டும் ஒரு சின்னப் புண். ரத்தம் அங்கிருந்துதான் கசிந்திருக்கிறது.

டாக்டரம்மா குழாய் வழியாக ஒரு சின்ன இடுக்கியை விட்டு அதை அழுத்திப் பார்த்தார். கொழுப்பால் ஆன கட்டியாக இருந்தால் தலையணை மாதிரி அமுங்கும், இது அமுங்கவில்லை, ரப்பர் மாதிரி திடமாக இருக்கிறது என்று கூட இருந்தவர்களிடம் சொன்னார். நாலைந்து இடத்தில் கிள்ளி எடுத்தார். வலிக்கவே இல்லை.

கிள்ளி எடுத்ததன் முடிவு 'நார்மல்' என்று வந்தது. எங்கள் வீட்டில் தீபாவளி. என் வீட்டுக்காரர் நஞ்சன்கூட்டிலிருந்து ரயிலில் வரும்போதே ரசபாலே வாழைப்பழம் ஒரு சீப்பும் மைசூர் பாகு ஒரு பெட்டியும் வாங்கி வந்தார். அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார். மறுநாள் அதே வாயோடு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். அவர் எங்கள் சிரிப்பைப் பார்த்துவிட்டு, உட்காருங்கள் என்றார்.

நாங்கள் செய்த தவறை இப்போது சொல்கிறேன், நீங்கள் செய்யாமல் இருக்க. இடுக்கியால் கிள்ள முடிவது குடலின் மேல் தோலை மட்டும்தான். என் கட்டியோ தோலுக்கு அடியில், குடல் சுவரின் நடுவில் இருந்தது. மேல் தோல் நார்மல் என்றால் மேல் தோல் நார்மல், அவ்வளவுதான். அடியில் இருப்பது சாதுவானதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். தோலுக்கடியில் வருகிற இந்த மாதிரிக் கட்டிகள் பெருங்குடலில் அபூர்வம், பல வகை உண்டு, முழுசாக வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் எது என்று சொல்ல முடியும் என்றார். மைசூர் பாகு வீட்டில் பாதிப் பெட்டி மிச்சம் இருந்தது. யாரும் தொடவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சேர்த்துக்கொண்டார்கள். பெண்கள் வார்டு. ஜன்னலுக்கு வெளியே ஒரு கொன்றை மரம். என்னுடன் இருக்க யாராவது ஒருவர் மட்டும் தங்கலாம் என்றார்கள். காவ்யா நான் என்றாள், என் வீட்டுக்காரர் லீவு போட்டிருக்கிறேன் என்றார். நங்கை யாரையும் கேட்கவில்லை. பையிலிருந்து தன் ஜமுக்காளத்தை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் விரித்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் நானே கேட்டேன், அண்ணனைப் பற்றி. எதனால் கூட்டிப் போனீர்கள் என்று கேட்கவில்லை. அவனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததா என்றுதான் கேட்டேன். நங்கை என் போர்வை நுனியை மடித்துக்கொண்டே சொன்னார்.

"அவுரு அழுது நான் பாத்ததே இல்ல அம்மிணி. அன்னைக்கு அழுதாரு. எனக்கு மனசு தாங்கல, கூட்டியாந்துட்டேன். இப்ப உனக்கு அது இல்லாமப் போயி, சாதாரணக் கட்டின்னு வந்துதுன்னு வையி. அவருக்கும் சாதாரணக் கட்டியாத்தான் இருந்திருக்குமோன்னு எனக்குத் தோணாதா? அறுத்து எடுத்திருந்தா இன்னைக்கு உசுரோட இருப்பாருல்ல?"

நான் திகைத்துப்போனேன். எனக்கு நல்ல செய்தி வர வேண்டும் என்று அவர் மாதேஸ்வரன் மலைக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டிருந்தார். அந்த நல்ல செய்தியே அவரை எப்படிக் குத்தும் என்பதையும் தெரிந்து வைத்திருந்தார். தெரிந்தேதான் வேண்டிக்கொண்டார். அவர் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். அந்த அன்பை நான் அதுவரை புரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறேன்.

ஆபரேஷன் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, நான் தூங்கிவிட்டேன். கட்டி இருந்த துண்டை மட்டும் எடுத்துவிட்டு, குடலின் இரண்டு நுனிகளையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். வயிற்றில் ஓட்டை போட்டு மலத்துக்குப் பை மாட்டிவிடுவார்களோ என்பது என் பெரிய பயம். கண் விழித்ததும் முதலில் கையால் வயிற்றைத் தடவிப் பார்த்தேன். கட்டுத் துணிதான் இருந்தது, பை இல்லை. நிம்மதியில் அழுதேன். அழுதால் தையல் வலிக்கும் என்று நர்ஸ் திட்டினாள்.

அடுத்த நாட்களில் மருத்துவமனை முழுக்க ஒரே ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தது, எனக்குக் காற்றுப் பிரிவதற்காக. தைத்த குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அது வரும்வரை வாய்க்கு எதுவும் கிடையாது. காலையில் சர்ஜன் வந்து கேட்பார். அப்புறம் நர்ஸ் கேட்பாள், சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவர் கேட்பார். பக்கத்துக் கட்டில் அம்மாள் தன் வலியை மறந்துவிட்டு என்னைக் கேட்பார். வாழ்க்கையில் எதை மறைக்க வேண்டுமென்று வளர்த்தார்களோ, அதற்காக ஒரு வார்டே வேண்டிக்கொண்டது. ஒரு மத்தியானம் அது நடந்தது. நங்கை ஓடிப்போய் நர்ஸிடம் சொன்னார். காவ்யா தன் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். என் மானம் நஞ்சன்கூடு வரை போயிற்று.

என் வீட்டுக்காரர் பகல் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வருவார். வார்டுக்குள் நுழையும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் இருக்க அவர் பாடுபடுவது எனக்குத் தெரியும். ஒரு நாள் சிக்கு விழுந்த என் தலையைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து சீப்பை எடுத்தார். சுற்றிலும் பெண்கள். அவர் காது சிவந்துபோயிற்று. ஆனாலும் உட்கார்ந்து, ஒயர் சிக்கெடுக்கிற பொறுமையோடு ஒவ்வொரு இழையாகச் சிக்கெடுத்து ஒரு பின்னல் போட்டார். பின்னல் கோணலாக, காதுக்கு மேலிருந்து தொடங்கியது. அதை அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை, வீட்டுக்குப் போகிறவரை அப்படியே இருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் முடிவு வரவில்லை. எடுத்த கட்டியை மெழுகில் வைத்து, தோசையைவிட மெல்லிசாகச் சீவி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்களாம். பார்த்ததில் செல்கள் நூல் நூற்கிற கதிர் மாதிரி இரண்டு பக்கமும் கூராக நீண்டு இருந்தன. அப்படி இருந்தால் தசையிலிருந்து வந்த கட்டியாக இருக்கலாம், குடல் சுவரிலேயே வருகிற வேறொரு வகையாக இருக்கலாம், அதில் கெட்டதும் உண்டு. இல்லையென்றால் நரம்பிலிருந்து வந்ததாக இருக்கலாம். கண்ணால் பார்த்தால் மூன்றும் ஒன்று போலத்தான் இருக்குமாம். தனித்தனிச் சாயம் போட்டால்தான் எது என்று காட்டிக்கொடுக்கும். அந்தச் சாயம் போடுவதற்கு பெங்களூருக்கு அனுப்பினார்கள். காத்திருந்த நாட்களில் யார் போன் அடித்தாலும் காவ்யா துள்ளி எழுவாள். நங்கை ஊருக்குப் போகவில்லை. கறவையைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, எனக்கு ரசம் சாதம் பிசைந்து கொடுத்தார். ஒவ்வொரு முறையும் இது கொடுக்கலாமா என்று காவ்யாவைக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

முடிவு வந்த அன்று நானும் காவ்யாவும் நங்கையும் உள்ளே போனோம். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியே நின்றுவிட்டார். ஸ்கூட்டரை யாரும் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை. அவருக்குக் கேட்கத் தைரியமில்லை.

டாக்டரம்மா கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, முதலிலேயே சொல்லிவிட்டார், கேன்சர் இல்லை. அப்புறம்தான் விளக்கினார். நம் நரம்புகளுக்கு மேலே ஒயருக்குப் போட்டிருக்கிற மாதிரி ஒரு உறை இருக்கிறது. அந்த உறையின் செல்கள் எப்போதாவது தேவையில்லாமல் பெருகி உருண்டையாகிவிடும். அதற்கு ஷ்வானோமா என்று பெயர். கை காலில், கழுத்தில் வரும், பெருங்குடலில் வருவது மிக அபூர்வம். இது வேறெங்கும் பரவாது. முழுசாக எடுத்துவிட்டார்கள். மருந்தும் கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது. இது குடும்பத்தில் ஓடுகிற நோய் இல்லை, உங்கள் மகளுக்குக் கொடுக்கவில்லை என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் வாய் விட்டுக் கேட்காததை அவர் எப்படிக் கண்டுகொண்டார் என்று தெரியவில்லை. காவ்யா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அவள் தலையைத் தடவினேன். ஆனால் என் கண் நங்கை மேல்தான் இருந்தது.

நங்கை எழுந்து நின்றார். கன்னடத்தில்தான் கேட்டார், ஹனூர்க்காரர்களுக்கு அது தடங்கல் இல்லை. தன் வீட்டுக்காரருக்கும் இதே இடத்தில் கட்டி வந்தது, தான்தான் ஆபரேஷன் செய்யாமல் கூட்டிக்கொண்டு போனது, அது இந்த மாதிரிக் கட்டியாக இருந்திருக்குமா என்று கேட்டார்.  தீர்ப்பைக் கேட்க வந்து நிற்கிறவர் மாதிரி நின்றார்.

டாக்டரம்மா அவரை உட்காரச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கேட்டார். எவ்வளவு இளைத்தார்? எலும்பும் தோலுமாகிவிட்டார். கண் மஞ்சளானதா? மைசூருக்கு வரும்போதே மஞ்சள், அதற்கப்புறம் உடம்பெல்லாம் மஞ்சள். வயிறு? தண்ணீர் கோத்துப் பானை மாதிரி வீங்கிவிட்டது. வீட்டுக்குப் போன பிறகு எவ்வளவு காலம் இருந்தார்? காட்டில் போட்டிருந்த மஞ்சளை வெட்டுவதற்குள் போய்விட்டார். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். அவர் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"நான் அவரைப் பாக்கல, அதனால சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றது எதையும் இந்தக் கட்டி செய்யாதும்மா. அது கேன்சர்தான். மைசூருக்கு வந்தப்பவே ஈரலுக்குப் போயிருந்திருக்கு. ஆபரேஷன் செஞ்சிருந்தாலும் காப்பாத்தியிருக்க மாட்டோம். ஆஸ்பத்திரியில சாகாம வீட்டுல உங்க பக்கத்துல இருந்து போனாரு, அவ்வளவுதான் வித்தியாசம்."

அப்பாவுக்கு அந்த நோய் இருந்ததால் நங்கையின் மகனும் வந்து குடலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், அண்ணனுக்கு இருந்ததால் நானும் சில வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், இழுத்துக்கொண்டு வருகிறேன் என்றார் நங்கை. பிறகு டாக்டரம்மாவைக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்க அவருக்கு நினைவே இல்லை. நான்தான் பிடித்துக் கூட்டி வந்தேன்.

வராந்தாவில் கொஞ்ச தூரம் நடந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். அண்ணன் செத்த அன்று அழ வேண்டியதையெல்லாம் அழுதார். நானும் அழுதேன், தையல் இழுத்தது, பரவாயில்லை என்று அழுதேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் எங்களுக்கு ஏதோ கெட்ட சேதி என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். ஒரு நர்ஸ் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

வெளியே என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் மூன்று பேர் கண்ணும் சிவந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. நான் சட்டென்று சொன்னேன், எனக்குக் கேன்சர் இல்லையாம் என்று. அவர் ஸ்கூட்டரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அவர் நிமிர்கிற வரை நங்கை காத்திருந்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் பங்குக்கு ஒரு நல்ல சேதி சொல்கிற மாதிரி, அவரிடம் சொன்னார்.

"உங்க மச்சானுக்கு இருந்தது கேன்சரேதானுங் மாப்ளெ. டாக்டரே சொல்லிப்போட்டாங்க."